கன்னட நடிகர் ராஜ்குமார் படங்கள்: மனசை விட்டு இறங்காத ஒரே ஒரு காட்சி சொல்லுங்க

பழைய ரீல்:

1971, ‘கஸ்தூரி நிவாச’. கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ‘அவன்தான் மனிதன்’ பார்த்தவர்களுக்கு இதுதான் அதன் மூலம்: கொடுத்துக் கொடுத்தே காலியாகிற தீப்பெட்டித் தொழிற்சாலை முதலாளி. எல்லோரும் கடைசியில் வரும் புறாவைத்தான் பேசுவார்கள். வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு போடவே அந்தப் புறா விலைபோயிருக்கும், அவள் கேட்க வந்ததோ புறாவை. சரி, அது அழவைக்கிற இடம். என்னை உறுத்துவது பொம்மை.

‘ஆடிசி நோடு’ பாட்டில் ஒரு சாய்ந்தாடும் பொம்மை வருகிறதே, நம் தஞ்சாவூர் பொம்மை ஜாதி. அடி அரைக்கோளமாக, களிமண் அடைத்துக் கனமாக இருக்கும். மேல்பாகம் காகிதக்கூழ், உள்ளே வெறும் கூடு. கனமெல்லாம் அடி வளைவுக்குள்ளேயே தங்கியிருக்கும்வரை எவ்வளவு சாய்த்தாலும் எழுந்து நிற்கும். அடிமண் பெயர்ந்தால் ஒரு பக்கமாகவே சாய்ந்து கிடக்கும், தலையில் கனம் ஏற்றினால் கவிழ்ந்துவிடும். பாட்டு சொல்வது ‘ஆட்டிப் பார், வீழ்த்திப் பார், உருண்டு போகாது’ என்று. படத்தில் அந்த மனிதரிடமிருந்து பணம் போகிறது, தொழில் போகிறது, வீடு போகிறது. அப்போது பாட்டு பொய்யா? அடிக்கனம் காசு என்று நினைத்தால் பொய். கை நீட்டி யாரிடமும் வாங்காத பிடிவாதம்தான் அடிக்கனம் என்றால் அந்த ஆள் கடைசிவரை கவிழவே இல்லை.

தமிழில் மனசில் நிற்கிற பாட்டு ‘ஆட்டுவித்தால் யாரொருவர்’. ஆட்டுகிற கை அங்கே கண்ணனுடையது. ஒரே கதை, இரண்டு ஊரில் இரண்டு பொம்மை. சிவாஜி நொறுங்குகிறார், ராஜ்குமார் நிமிர்ந்தபடியே தேய்கிறார். எது உசத்தி என்ற சண்டைக்கு வரவில்லை.

சுதிப்பெட்டி:

எருமை. வேறென்ன சொல்ல.

‘சம்பத்திகெ சவால்’, 1974, எருமை மேல் உட்கார்ந்துகொண்டு ‘யாரே கூகாடலி’. அதுவரை பல வருஷமாக அவருக்கு பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் கிடைக்கவில்லை, இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷ் நடிகரையே மைக் முன்னால் நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் ராஜ்குமாருக்குப் பெரும்பாலும் ராஜ்குமார்தான்.

அந்தப் பாட்டில் எருமைக்கு வைக்கிற கூப்பாட்டைக் கேளுங்கள். அந்தத் தொண்டை ஸ்டூடியோவில் பழகியது இல்லை. குப்பி வீரண்ணா நாடகக் கம்பெனியில் சிறுவயதிலேயே மேடை ஏறினவர், அப்பாவும் அதே கம்பெனி நடிகர். அந்தக் காலத்து நாடகக் கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட் வரைக்கும் சொந்தத் தொண்டைதான் போய்ச் சேர வேண்டும். அதனால் கம்பெனிக்காரர்களுக்குச் சில பழக்கம் படிந்துவிடும். சுருதியை ஏற்றி வைப்பார்கள், வாய் முழுசாகத் திறக்கும், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்க மாட்டார்கள். மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்து வரியின் தலையிலேயே பாதியைச் செலவு செய்வார்கள். மைக் முன்னால் இது ஆபத்து. வல்லெழுத்து ஒவ்வொன்றும் பட் பட்டென்று மைக்கில் அடிக்கும், பக்கத்தில் நின்றால் குரல் பிளந்துவிடும். மெல்லிய காதல் பாட்டில் அந்தத் தொண்டையை அடக்க வேண்டும், எருமைப் பாட்டில் அடக்க வேண்டியதே இல்லை. வெளிவயல், மாடு மேய்க்கிறவன், ஊரைச் சட்டை செய்யாத வரிகள். முதல் சவாலே தோதாக விழுந்தது. ஒரு டூயட்டில் ஆரம்பித்திருந்தால் அதோடு நிறுத்தியிருப்பார்கள் என்பது என் கணக்கு.

‘ஜீவன சைத்ர’வின் ‘நாதமய’ பாட்டுக்கு 1992ஆம் ஆண்டுக்கான தேசிய விருது வந்தது, சிறந்த பின்னணிப் பாடகர் என்று. நடிப்புக்கு ஒரு தேசிய விருதும் வாங்காதவர் பாட்டுக்கு வாங்கினார். விதை அந்த எருமை முதுகில்தான்.

மல்லேசுவரம் மாமி:

சுதிப்பெட்டி தம்பி, ‘முதல் சவால்’ என்று எழுதியிருக்கிறாயே, அது தப்பு. 1959இல் ‘மஹிஷாசுர மர்தினி’யில் ஜானகியோடு ‘தும்பிது மனவ’ பாடியாச்சு. டூயட்! உன் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போச்சு. 74இல் நடந்தது திரும்பி வந்தது, ஆரம்பம் இல்லை.

இன்னொன்று. பி.பி.எஸ். கிடைக்காததால் நல்லதாப் போச்சு என்கிற தொனி எனக்கு ஒப்பவில்லை. 1960இல் ‘பக்த கனகதாச’ பாரு. உடுப்பியில் மூடின கதவுக்கு முன்னால் நின்று ‘பாகிலனு தெரெது’ பாடுகிற இடம். கதவைத் திற, சேவை கொடு என்று கேட்கிறவன் கத்தக்கூடாது. உள்ளே விடமாட்டேன் என்று வெளியில் நிறுத்தப்பட்டவன், அவமானத்தை விழுங்கிக்கொண்டு கேட்கிறான். அந்தக் குரல் கீழே இருக்கணும், ஈரமா இருக்கணும், கொஞ்சம் தயங்கணும். கம்பெனி நாடகத் தொண்டைக்கு அது வருமா? காகிநாடாக்காரர் பி.பி.எஸ். தொண்டைக்கு வந்தது. தமிழில் அவரை ஜெமினிக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டோம், கன்னடத்தில் அவர் ஒரு ஆளுக்கே சாரீரம். சரீரம் ஒருத்தர், சாரீரம் ஒருத்தர் என்று இங்கே ஒரு பேச்சே உண்டு.

அதைவிட, ராஜ்குமார் அந்தக் குரலுக்கு வாயசைத்த விதத்தைப் பார்க்கணும். உதடு மட்டும் அசைந்தால் பொய் தெரிந்துடும். வரிக்கு முன்னால் மார்பு ஏறணும், சங்கதி வரும்போது கழுத்து நரம்பு இழுபடணும், வரி முடிந்து அரை நொடி கழித்துத்தான் தோள் இறங்கணும். தனக்கே பாடத் தெரிந்ததால் அடுத்தவர் மூச்சு எங்கே எடுப்பார் என்று அவருக்குத் தெரியும். பாடத் தெரியாத ஹீரோக்கள் எல்லோரும் மாட்டிக்கொள்வது இந்த மூச்சில்தான்.

சுதிப்பெட்டி:

டூயட்டை ஒப்புக்கொள்கிறேன் மாமி, எழுதும்போது மறந்துவிட்டது. கனகதாசரிலும் சண்டை இல்லை. 1959க்கும் 74க்கும் நடுவில் அந்தத் தொண்டையைச் சும்மா வைத்திருந்தது நஷ்டம்தானே என்பது மட்டும்தான் என் வருத்தம்.

சீவாளி:

பாடத் தெரிந்தவர் மூச்சைப் பற்றி மாமி சொன்னதற்கு வேறொரு சாட்சி, ‘சனாதி அப்பண்ண’, 1977. வாய்ப்பாட்டு இல்லை, வாத்தியம். ஷெனாய் வாசித்தது பிஸ்மில்லா கான். திரையில் வாசிப்பது ராஜ்குமார். ஆடுவது ஜெயப்ரதா, பாடுவது ஜானகி, ‘கரெதரூ கேளதே’. இந்தப் பாட்டைப் பார்க்கும்போது என் கண் ஜெயப்ரதா பக்கம் போவதே இல்லை, கன்னத்திலேயே நிற்கிறது.

ஊதுவாத்தியத்தைப் பொய்யாக வாசிப்பது வீணையைப் பொய்யாக வாசிப்பதைவிடக் கஷ்டம். வீணையில் கையை மறைத்துக் கோணம் வைக்கலாம். ஷெனாயில் முகமே வாத்தியத்தின் ஒரு பாகம். சீவாளி, அதாவது ஊதுகிற நாணல், உதட்டுக்குள் போய்விடுகிறது, உதடு இறுகி மூடுகிறது, கன்னம் காற்றுப்பையாகிறது. நீளமான கார்வையில் மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே கன்னத்துக் காற்றை வெளியே தள்ளுவார்கள். அதனால் சத்தம் அறாது, கன்னம் மட்டும் ஒருமுறை சுருங்கித் திரும்ப உப்பும். நடிகர் செய்யும் தப்பு எப்போதும் ஒன்றுதான்: சத்தம் கேட்டபிறகு கன்னத்தை உப்புவார். உண்மையில் காற்று முதலில் நிறையும், சத்தம் பின்னால் வரும். அந்தக் கண்ணிமை நேரம் தவறினால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ‘இவர் வாசிக்கவில்லை’ என்று பட்டுவிடும்.

விரலும் அப்படி. துளையைத் திறந்து மூடுவது பாதி வேலை. பிஸ்மில்லா கான் வாசிப்பில் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகிற இடங்கள்தான் உயிர். அதற்கு விரலைத் தூக்கக் கூடாது, துளை மேலேயே உருட்டி அரைத் துளையாகத் திறக்க வேண்டும். பட்டென்று விரலைத் தூக்குகிறவர் வழுக்கலுக்கு வாயசைக்கிறார் என்று அர்த்தம். ராஜ்குமார் பெரும்பாலான இடங்களில் உருட்டுகிறார். ஓரிரு குளோசப்பில் தூக்குகிறார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நமக்குத் ‘தில்லானா மோகனாம்பாள்’ உண்டு, அங்கே மதுரை சேதுராமன், பொன்னுசாமி வாசிப்புக்கு சிவாஜி. அதில் சண்முகசுந்தரத்துக்கு மேடை, ரசிகர், திமிர் எல்லாம் உண்டு. அப்பண்ண வடகர்நாடகத்துக் கிராமத்துச் சனாதிக்காரர், அதாவது ஷெனாய்க்காரர், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஊதுகிறவர், வித்தையைத் தவிர ஊரில் வேறு மரியாதை கிடையாது. அதனால்தான் வாசிக்கும்போது மட்டும் அவர் முதுகு நேராகிறது.

கல்வெட்டுக் கிறுக்கன்:

‘மயூர’, 1975. தமிழர்கள் இதைப் பார்த்தால் ஒரு சங்கடம் வரும், பல்லவர்கள் வில்லன். காஞ்சியில் அவமானப்பட்ட இளைஞன் வனவாசி ஊருக்குத் திரும்பிக் கதம்ப அரசை நிறுவுகிறான். ‘நானிருவுதே நிமகாகி’ பாட்டு இப்போதும் கர்நாடகத்து மேடைகளில் நாட்டுப்பண் மாதிரி ஒலிக்கிறது.

இணையத்தில் ‘நம் பல்லவரைக் கேவலப்படுத்திய படம்’ என்று அவ்வப்போது ஒருவர் கிளம்புகிறார். ஐயா, கதை சினிமாக்காரர் கற்பனை இல்லை. தேவுடு நரசிம்ம சாஸ்திரியின் நாவல். அதற்கும் அடியில் ஷிகாரிபுரம் பக்கத்தில் இருக்கிற தாளகுந்தா தூண் கல்வெட்டு. குப்ஜன் என்ற கவி எழுதிய சமஸ்கிருதச் செய்யுள். மயூரசர்மன் குரு வீரசர்மனோடு காஞ்சிக் கடிகைக்குப் படிக்கப் போகிறான், பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு தகராறு, தர்ப்பை பிடித்த கையால் வாளை எடுக்கிறான். எல்லைக் காவலரை அடித்து ஸ்ரீபர்வதக் காட்டில் புகுந்துகொள்கிறான், பிருகத்பாணர் என்ற சிற்றரசர்களிடம் கப்பம் வாங்குகிறான். கடைசியில் பல்லவரே சமாதானமாகி அவனுக்கு நாடு ஒதுக்குகிறார்கள். வில்லனாக்கியது கதம்பர் சபைக்கவி, அதுவும் பதினைந்து நூற்றாண்டுக்கு முன்னால்.

என் உறுத்தல் வேறு. கல்வெட்டில் அவன் மானவ்ய கோத்திரத்து அந்தணன், பிறப்பாலேயே. படத்தில் அவன் அந்தணனாக வளர்ந்த ராஜகுமாரன் என்று ஆக்கிவிட்டார்கள். ரகசியம் தெரிகிற காட்சி ராஜ்குமாருக்கு அருமையாக அமைந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் கல்வெட்டின் விறுவிறுப்பே வேதம் படிக்கப் போனவன் அரசனானான் என்பதில்தான் இருக்கிறது. ரத்தத்திலேயே அரசன் என்று சொன்னால் தர்ப்பை போய் வாள் வந்த ஆச்சரியம் எங்கே?

டச்சப்:

சினிமாவுக்குக் கல்வெட்டு ஆதாரம் கேட்டால் ஒரு படமும் தேறாது கிறுக்கரே. நம் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனத்துக்குக் கல்வெட்டு காட்டுங்கள் பார்ப்போம்.

ஓசூர் பஸ்:

‘பேடர கண்ணப்ப’ முதல் ‘சப்தவேதி’ வரை எதைப் பார்ப்பதானாலும் கீழே சப்டைட்டில் ஓடாத பழைய பிரிண்ட்தான் கையில் சிக்குகிறது. ‘யாரே கூகாடலி ஊரே ஹோராடலி’ வரியை ‘ஊரே ஓரமா ஆடட்டும்’ என்று பொருள் சொன்ன ஒரு தமிழ்ப் பதிவைப் பார்த்ததிலிருந்து கை துறுதுறுக்கிறது. யாரும் கேட்கவில்லை, தெரியும். சொல்லிவிடுகிறேன்.

தமிழ் தெரிந்தவருக்குக் கன்னடம் பாதி கையில். மூன்று சாவி போதும்.

முதல் சாவி: சொல்லின் தலையில் தமிழ் ‘ப’ இருந்தால் கன்னடத்தில் பெரும்பாலும் ‘ஹ’. பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு, பெண் ஹெண்ணு, பல் ஹல்லு, பாடு ஹாடு, பள்ளி ஹள்ளி, போ ஹோகு. ஆக, ‘ஹோராடலி’ என்றால் போராடட்டும். யார் வேண்டுமானாலும் கூவட்டும், ஊரே போராடட்டும், உன் நிம்மதிக்குப் பங்கமில்லை. எருமையைப் பார்த்துச் சொல்வது! இது தெரியாமல் அந்தப் பாட்டின் நகைச்சுவையே போய்விடும். சொல்லின் நடுவில் இந்தச் சாவி பொருந்தாது. அப்பா அப்பாதான், உப்பு உப்புதான். வடமொழிச் சொல்லிலும் போட்டுப் பார்க்காதீர்கள், ‘பூஜை’ ஹூஜையாகாது.

இரண்டாவது: தலையில் ‘வ’ இருந்தால் அங்கே ‘ப’, பம்பரத்து ப இல்லை, உறவினரைப் ‘பந்துக்கள்’ என்கிறபோது வருகிற அழுத்தமான ப. வா பா, விடு பிடு, வில் பில்லு, வெள்ளி பெள்ளி, வாழ் பாளு, வேண்டும் பேகு. ‘பேடர கண்ணப்ப’ என்பது வேடர் கண்ணப்பர், நம் பெரியபுராணத்து ஆள்தான். ‘காமன பில்லு’ காமன் வில், வானவில்.

மூன்றாவது: இகரம் எகரத்துக்கு முன்னால் வரும் தமிழ் ‘ச’ அங்கே ‘க’வாகவே இருக்கும். செவி கிவி, சேரி கேரி, செம்மை கெம்பு. ழகரம் வந்தால் ளகரமாக்கிக்கொள்ளுங்கள்: மழை மளெ, கோழி கோளி, ஏழு ஏளு.

இனிமேல்தான் பள்ளம். ‘மாடு’ என்றால் செய். ‘நோடு’ பார். ‘மனெ’ வீடு. ‘ஹேளு’ சொல், ‘கேளு’ கேள். வேகமாகப் பேசும்போது இரண்டும் குழம்பி, கேட்கிற ஆளும் சொல்கிற ஆளும் இடம் மாறிவிடுவார்கள். மிக மோசமானது ‘சாகு’. போதும் என்று அர்த்தம். பந்தியில் ராஜ்குமார் ‘சாகு சாகு’ என்று கையை மறித்தால் யாரையும் சபிக்கவில்லை.

பார்க்கிற வரிசையும் முக்கியம். புராணப் படத்தில் ஆரம்பிக்காதீர்கள், நாடகத் தமிழ் மாதிரி அங்கே நாடகக் கன்னடம், பாதி சமஸ்கிருதம். முதலில் ‘கஸ்தூரி நிவாச’, ‘சங்கர் குரு’ போன்றவை. கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் காது மொழிக்கு ஒழியும். ‘சங்கர் குரு’ நமக்குத் ‘திரிசூலம்’, ‘அனுராக அரளிது’ நமக்கு ‘மன்னன்’, ‘பிரேமத காணிகெ’ ‘பொல்லாதவன்’, ‘நா நின்ன மரெயலாரெ’ ‘புதுக்கவிதை’. இந்த நாலைந்தை முடித்துவிட்டு ‘பங்காரத மனுஷ்ய’ போங்கள். ‘சத்ய ஹரிச்சந்திர’ கடைசியில்.

காட்சியா? அந்த எருமைதான் எனக்கும்.

டச்சப்:

மாமிக்கும் சுதிப்பெட்டிக்கும் நடுவராக ‘பப்ருவாஹன’வை அனுப்புகிறேன், 1977. அர்ஜுனனும் ராஜ்குமார், மகன் பப்ருவாகனனும் ராஜ்குமார். தாயைத் தப்பாகப் பேசிவிட்ட அப்பனை மகன் எதிர்த்து நிற்கிற ‘யாரு திளியரு’ பாட்டு. இசை ‘சபாஷ் மீனா’வின் டி.ஜி. லிங்கப்பா. குரல் பி.பி.எஸ். ஒன்று, ராஜ்குமார் ஒன்று! நீங்கள் இங்கே போடுகிற சண்டையைத் திரையிலேயே போட்டு முடித்துவிட்டார்கள்.

இந்த மாதிரி இரட்டை வேடத்தில் என் கண் நடிப்புக்கு முன்னால் போவது இரண்டு பாதியும் சேருகிற நடுக்கோட்டுக்கு. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இல்லை, மாஸ்க்தான். கேமராவைக் கால் நகராதபடி அடித்து நிறுத்துவார்கள். லென்சுக்கு முன்னால் கறுப்பு அட்டை பாதியை மறைக்கும். நடிகர் முதல் வேடத்தில் இடப்பக்கம் நடித்து முடிப்பார். பிலிமை அதே பிரேம் எண்ணுக்குச் சுற்றித் திருப்புவார்கள். அட்டையை மறுபக்கம் மாற்றி, வேடம் மாறி வந்ததும் வலப்பக்கம். ஒரே நெகட்டிவில் இரண்டு தடவை வெளிச்சம்.

கெடுவதற்கு வழி ஏராளம். நடுவில் யாராவது டிரைபாட்டை இடித்தால் தூண் ஒடிந்தமாதிரி தெரியும். அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் நடுவில் கறுப்புக் கோடு, விலகினால் வெள்ளைக் கோடு. வேடம் மாற ஒரு மணி நேரம் ஆனால் வெளிப்புறத்தில் வெயில் நகர்ந்துவிடும், அப்பன் நிழல் ஒரு பக்கம், மகன் நிழல் இன்னொரு பக்கம். அதனால் கூடியமட்டும் செட்டுக்குள், நடுக்கோடு ஒரு தூணிலோ திரைச்சீலை மடிப்பிலோ விழுகிறமாதிரி அமைப்பார்கள். கோட்டைத் தாண்டிக் கை நீட்டக்கூடாது, நீட்டினால் கை பாதியில் வெட்டுப்படும். தொட்டே ஆகவேண்டிய காட்சிக்கு முதுகு காட்டும் டூப். பார்வைதான் இன்னும் சிக்கல், எதிரில் ஆள் இல்லை. உயரத்துக்குக் குச்சி நட்டு அதில் அடையாளம் வைப்பார்கள். கண் இரண்டு விரல்கடை மேலே போனாலும் அப்பனை விட்டுவிட்டு உத்தரத்தோடு சண்டை போடுவதுபோல் இருக்கும்.

இப்போது பாட்டைத் திரும்பப் பாருங்கள். ராஜ்குமாரின் பார்வை எங்கேயும் நழுவவில்லை. அர்ஜுனன் சிரிக்கிற சிரிப்புக்கு மகன் முகத்தில் சரியான நேரத்தில் கோபம் ஏறுகிறது. எதிரில் குச்சி.

‘சங்கர் குரு’வில் இதே வித்தை மூன்று பேருக்கு, அப்பாவும் இரட்டை மகன்களும். ‘திரிசூலம்’ சிவாஜியின் 200ஆவது படம், அதனால் நம் ஊரில் அதுதான் மூலம் என்று நினைப்பவர்கள் நிறைய. கன்னடம் 1978, தமிழ் 1979.

மல்லேசுவரம் மாமி:

நடுவர் தீர்ப்பே சொல்லலையே.

சிங்கிள் ஸ்க்ரீன்:

‘பங்காரத மனுஷ்ய’, 1972, பெங்களூரு ஸ்டேட்ஸ் தியேட்டரில் இரண்டு வருஷம். இளைஞர்கள் பட்டணத்தை விட்டுக் கழனிக்குத் திரும்பினார்கள் என்று இந்தப் படத்தைப் பற்றிச் சொல்வார்கள். எல்லோரும் பாறை உடைக்கிற ‘ஆகது எந்து’ பாட்டைச் சொல்லுங்கள், எனக்கு அவர் வாயே திறக்காத இடம். செத்துப்போன அக்கா கணவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது, அதை ராஜ்குமார் நடிக்கிற ராஜீவன் ரகசியமாகத் தாங்குகிறான். ஊர் அவனைச் சந்தேகிக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் பழி போய்விடும், அக்கா மனசு உடைந்துவிடும். சொல்லாமல் போயே போகிறான். அக்கா மகன் வெளியே தள்ளாத குறையாகப் பேசியும் திறக்கவில்லை. வசனத்துக்குப் பேர்போன நடிகர், உச்சக்காட்சியில் வசனம் கிடையாது.

தாளவாடிக்காரன்:

யாராவது தொடுவார்கள் என்று பார்த்தேன், இல்லை. நானே தொடுகிறேன்.

ராஜ்குமார் பிறந்தது தமிழ்நாட்டில். காஜனூர், தாளவாடி பக்கம், 24 ஏப்ரல் 1929. அப்போது கோவை ஜில்லா, இப்போது ஈரோடு மாவட்டம். முழுப்பெயர் சிங்காநல்லூர் புட்டசுவாமையா முத்துராஜு. ‘சிங்காநல்லூரா, நம்ம கோயமுத்தூர்க்காரர்!’ என்று எழுதுகிறவர்களுக்கு: அது கொள்ளேகால் பக்கத்துச் சிங்காநல்லூர். பஸ் ஸ்டாண்டு இருக்கிற சிங்காநல்லூர் இல்லை. ராஜ்குமார் என்ற பெயர் 1954இல் ‘பேடர கண்ணப்ப’ எடுத்தபோது இயக்குநர் எச்.எல்.என். சிம்ஹா வைத்தது. தாளவாடி மேட்டில் வீட்டுக்கு வீடு கன்னடம் பேசுகிறவர்கள்தான், மாநில எல்லைக்கு அது தெரியாது.

30 ஜூலை 2000, அதே காஜனூர் வீட்டிலிருந்து வீரப்பன் கூட்டிப்போனான். 15 நவம்பரில் விட்டான், 108 நாள். என் கண்ணை விட்டு அகலாதது கடத்தல் இல்லை. எழுபதைத் தாண்டிய மனிதர் காட்டிலிருந்து வெளியே வந்தபோது டிவியில் தெரிந்த அந்த வெள்ளை வேட்டி சட்டை. கேமராவுக்குக் கை கூப்பினார், ரசிகர்களைத் தெய்வங்களே என்று கூப்பிடுகிற அதே ‘அபிமானி தேவருகளே’ கும்பிடு. இதை நடிப்பு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. 2018இல் கோபிச்செட்டிப்பாளையம் நீதிமன்றம் வழக்கில் மிச்சமிருந்த ஒன்பது பேரையும் விடுதலை செய்தது.

ஊரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர் வழி அழகு, 27 கொண்டை ஊசி. லாரி ஒன்று வளைவில் நின்றுவிட்டால் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள், இரவில் தடை வேறு. வயிற்றைப் புரட்டுகிறவர்கள் சாமராஜநகர் சுற்றி வாருங்கள், சமதரை.

டச்சப்:

இழையை வீரப்பன் இழையாக்கிவிடாதீர்கள் தாளவாடி, கெஞ்சிக் கேட்கிறேன்.

கண்ணப்பன்:

என் பெயரே காட்சியைச் சொல்லிவிடும். ‘பேடர கண்ணப்ப’, 1954, கதாநாயகனாக முதல் படம், சென்னையில் எடுத்தது. தெலுங்கிலும் அவரே நடித்தார், ‘காளஹஸ்தி மகாத்மியம்’. அதற்கப்புறம் கன்னடத்தை விட்டு வெளியே போகவே இல்லை. லிங்கத்தின் ஒரு கண்ணுக்குத் தன் கண்ணை அப்பியாகிவிட்டது. மறு கண்ணிலும் ரத்தம். இதையும் தோண்டினால் இடம் தெரியாதே என்று காலைத் தூக்கி லிங்கத்தின் கண்ணில் வைக்கிற இடம். சேக்கிழாரில் படித்ததுதான். ஆனால் படத்தில் அந்தக் கால் தயங்குவதில்லை, சட்டென்று வேட்டைக்காரன் குறி வைக்கிறமாதிரி போய்ப் பதிகிறது.

கண் கொடுத்த வேடத்தில் தொடங்கியவர் 12 ஏப்ரல் 2006இல் போனபோது கண்ணைத் தானம் செய்தார் என்று எழுதாத கட்டுரை கிடையாது. வெறும் அலங்கார வாக்கியமாக எழுதிவிட்டுப் போகிறார்களே என்றுதான் எரிச்சல். அன்று பெங்களூரு முழுக்கக் கல்லும் நெருப்பும், எட்டுப் பேர் செத்தார்கள். அந்தக் களேபரத்துக்கு நடுவில் கண் எடுக்க முடிந்தது என்றால், வீட்டில் முன்பே முடிவு செய்து வைத்திருந்தார்கள். அவர் பெயரில் கண்வங்கி 1994இலேயே நாராயண நேத்ராலயாவில் தொடங்கியாகிவிட்டது.

அதனால் வேலைக்கு ஆகிற விஷயம். உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், சீக்கிரம் எவ்வளவோ அவ்வளவு நல்லது. முதலில் இமையை மூடுங்கள். மேலே ஈரப் பஞ்சு. தலைக்கு மேல் ஓடுகிற ஃபேனை நிறுத்துங்கள், நம் வீடுகளில் கெடுவது இதில்தான். காற்றில் கருவிழி காய்ந்துவிடும். தலையணை வைத்துத் தலையை அரை அடி உயர்த்துங்கள், வீக்கமும் கசிவும் குறையும். கண்வங்கிக்குச் சொன்னால் அவர்களே வீட்டுக்கு வருவார்கள், பதினைந்து இருபது நிமிடத்தில் முடியும், கொஞ்சம் ரத்தமும் பரிசோதனைக்கு எடுப்பார்கள். முகம் விகாரமாகாது. கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், கண்புரை அறுத்தவர் எல்லோரும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி இருந்தால் எடுக்க மாட்டார்கள். உயிரோடு இருக்கும்போது படிவம் நிரப்பினால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் போன் செய்யப் போவது வீட்டில் இருப்பவர்தான், அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2017இல் மனைவி பார்வதம்மா கண்ணும், 2021இல் மகன் புனீத் கண்ணும் அதே வழியில் போயின. புனீத்தின் கருவிழிகளை முன்னடுக்கு, பின்னடுக்கு என்று பிரித்து நாலு பேருக்கு வைத்தார்கள்.

பழைய ரீல்:

முதல் பதிவில் ஒன்று விட்டுப்போனது. ‘கஸ்தூரி நிவாச’வை 2014இல் வண்ணம் பூசி வெளியிட்டார்கள். தேடும்போது அதுதான் முதலில் வந்து நிற்கும். கறுப்பு வெள்ளையையே தேடிப் பிடியுங்கள். தீக்குச்சி பற்றுவதும் வெள்ளைப் புறாவும் கறுப்பு வெள்ளையில் இருக்கிறமாதிரி வண்ணத்தில் இல்லை.

சுதிப்பெட்டி:

வண்ணத்தில் சத்தத்தைச் சுத்தம் செய்திருக்கிறார்கள் ரீல் அண்ணா, பி.பி.எஸ். மூச்செடுப்பது வரை கேட்கிறது. பார்க்க வேண்டாம், கேட்கலாம். மாமி, உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.